மணிச் சத்தத் தெரு: இன அநீதியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சிரிப்புக் கதை எழுதுவது எப்படி?

சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஆற்றங்கரைப் பக்கம் நடந்தால் சூலியா ஸ்திரீட் வரும். இன்றைக்கு அங்கே வங்கிக் கட்டடங்களும் அவற்றின் நிழலும்தான். நூற்றுச் சொச்ச வருடங்களுக்கு முன் அதன் பெயர் கிளிங் ஸ்திரீட். தென்னிந்தியர்களை, குறிப்பாகத் தமிழர்களை, அந்தக் காலத்தில் இங்கே அப்படித்தான் அழைத்தார்கள். கலிங்கம் என்ற பழைய நாட்டுப் பெயரிலிருந்து அந்தச் சொல் வந்தது என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்வது. கைதிகளின் கால் சங்கிலி எழுப்பிய சத்தத்திலிருந்து வந்தது என்பது ஜனங்கள் சொல்லிக்கொண்ட கதை. எப்படி வந்ததோ, போகப்போக அது வசைச்சொல் ஆகிவிட்டது. இந்தியர்கள் ஆட்சேபித்தார்கள். 1920களின் தொடக்கத்தில் தெருவின் பெயர் மாறியது.

இதை என் அக்கா மகளிடம் சொன்னேன். தொடக்கநிலை 4 படிக்கிறாள். "கிளிங்கா? சைக்கிள் பெல் மாதிரி இருக்கு மாமா" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அந்தத் தெருவுல இருந்தவங்க அட்ரஸ் எழுதும்போதெல்லாம் தங்களையே திட்டிக்கிட்டாங்களா?" என்று கேட்டாள்.

என் கணக்கில் இந்த வகைக் கதைக்கு இலக்கணம் அந்த இரண்டு வாக்கியம்தான். முதலில் சிரிப்பு வரணும், பின்னாலேயே அந்தக் கேள்வி வரணும். கேள்வி மட்டும் வந்தால் பாடப்புத்தகம். சிரிப்பு மட்டும் வந்தால் அந்தப் பழைய தெருப் பெயர்ப் பலகையை நாமே திரும்பக் கொண்டுபோய் நட்டதாக ஆகிவிடும்.

சில வருடங்களாகப் பிள்ளைகளுக்கு இப்படிக் கதை எழுதிப் பார்க்கிறேன். ஊற்றிக்கொண்டவை அதிகம். அதில் பிடிபட்ட வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

1. துரையை விடுங்கள், விதியைப் பிடியுங்கள்

எழுத உட்கார்ந்ததும் எல்லோர் மனசிலும் முதலில் வந்து நிற்பவர் தொப்பி போட்ட ஒரு துரை. சிவந்த முகம், கையில் பிரம்பு, வாயில் அதட்டல். நானும் அவரை வைத்துத்தான் ஆரம்பித்தேன். மூன்றாம் பக்கத்தில் சேற்றில் விழுந்தார். ஐந்தாம் பக்கத்தில் மறுபடியும் விழுந்தார். அதற்கு மேல் அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் விழுந்ததால் எதுவும் மாறவும் இல்லை. அடுத்த கப்பலில் இன்னொருவர் வந்து அதே நாற்காலியில் உட்காருவார்.

நாற்காலியைப் பற்றி எழுதுங்கள். முத்திரை குத்திக் காகிதத்தில் எழுதிய விதி தன்னை ரொம்ப நியாயமானதாக நினைத்துக்கொண்டிருக்கும். வேடிக்கையே அங்கேதான்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா சிவில் சர்வீஸில் சேர ஒரு நிபந்தனை இருந்தது. தாய்வழி, தந்தைவழி இரண்டு பக்கமும் கலப்பில்லாத ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும். அரசாங்கத் தாளில் படிக்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கும். இதையே தோசை சுடும் பாட்டியின் பேரன் காதில் போட்டுப் பாருங்கள். "ரெண்டு பக்கமும் பார்க்கணும்னா, துரைங்களைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பாங்களா பாட்டி?"

இன்னொன்று. 1915 பிப்ரவரி 15 அன்று, சீனப் புத்தாண்டு விடுமுறையில், அலெக்சாண்டிரா முகாமில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஐந்தாவது லைட் இன்ஃபன்ட்ரி சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அவர்கள் வட இந்திய முஸ்லிம்கள். கலகம் அடங்கிய பிறகு சிங்கப்பூரில் இருந்த இந்தியர்கள் எல்லோரும் தங்களைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. துப்பாக்கியையே பார்த்திராத பால்காரரும் போய் வரிசையில் நிற்க வேண்டும். பால்காரர் மகள் கேட்கிறாள்: "நம்ம லட்சுமியும் கப்பல்ல வந்தவதானே அப்பா? அவளையும் பதியணுமா?" லட்சுமி என்பது மாடு. மாட்டை ஓட்டிக்கொண்டு அவர்கள் வரிசைக்குப் போனால் உங்களுக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைத்துவிட்டது. பதிவு மேசையில் இருப்பவர் மாட்டுக்கு ஏன் பதிவு தேவையில்லை என்று விளக்கியாக வேண்டும். அவர் சொல்லும் ஒவ்வொரு காரணமும் பால்காரருக்கும் பொருந்தும்.

1822இல் தீட்டிய நகரத் திட்டமும் கைகொடுக்கும். ஐரோப்பியருக்கு ஓரிடம், சீனருக்கு ஓரிடம், சூலியாக்கள் என்ற தென்னிந்தியர்களுக்கு, சுலவேசித் தீவிலிருந்து வந்த புகிஸ்காரர்களுக்கு, அரபுகளுக்குத் தனித்தனியாக என்று கோடு போட்டுப் பிரித்த வரைபடம் அது. கோட்டுக்கு மேல் ஓர் ஆட்டை மேயவிட்டால் போதும்.

ஒரு கதைக்கு ஒரு விதிதான். ஆசைப்பட்டு மூன்றை அடுக்கினால் பிள்ளைகளுக்கு எதுவும் நினைவில் நிற்காது.

2. தோண்டிப் பாருங்கள்

இந்த விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை அதிகம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளிலிருந்து வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம். ஆங்கிலப் பத்திரிகைகளில் தேடும்போது நாகரிகமான சொல்லைப் போட்டுத் தேடாதீர்கள், கிடைக்காது. அந்தக் காலத்தின் அசிங்கமான சொல்லைத்தான் தட்டெழுத வேண்டும். முதல் தடவை கை கூசும்.

கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. செய்தியை விட விளம்பரங்களில்தான் எனக்கு அதிகம் கிடைக்கிறது. என்ன சோப்பு, என்ன தைலம், எத்தனை காசு, எந்தக் கடை என்று எல்லாம் இருக்கும். பழைய எழுத்தில் துதிக்கை வைத்த 'லை', 'ணை' வரும். அதை ஒரு பக்கம் அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள், யானையைப் பார்த்த மாதிரி பார்ப்பார்கள்.

குரல் வேண்டுமானால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இருக்கின்றன. பெரியவர்கள் அழுதுகொண்டே பேசுவார்கள் என்று எதிர்பார்த்துக் கேட்பீர்கள். பாதி நேரம் சிரித்துக்கொண்டு பேசுவார்கள். அந்தச் சிரிப்பின் தொனியைக் கவனித்துப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் கதைக்கு வேண்டியது அதுதான்.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லையோ என்று தயங்க வேண்டாம். 1887இல் இங்கே 'சிங்கை நேசன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கிய சி.கு. மகுதூம் சாயபு, அடுத்த வருடமே அதில் 'வினோத சம்பாஷணை' எழுதினார். ஊர் நடப்பை இருவர் பேசிக்கொள்ளும் உரையாடலாக வைத்த எழுத்து அது. சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதையின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் அங்கேதான் போய் நிற்கிறார்கள். அதாவது, வினோதம் நமக்கு முதல் நாளிலிருந்தே உண்டு.

சின்னச் சின்னத் தப்புகள் கதையைக் கவிழ்த்துவிடும். ரிக்‌ஷா இங்கே வந்தது 1880இல், ஒழிந்தது 1947இல். 1860 கதையில் ரிக்‌ஷா ஓடக் கூடாது. இடப்பெயர்களுக்கு நம்மவர்கள் வைத்த பெயரைப் போடுங்கள். டோபி காட்டை வண்ணாந்துறை என்றார்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் அந்த இடம் சுண்ணாம்புக் கம்பம். செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டித் தொழில் நடந்த கடைகள், இருந்த மார்க்கெட் ஸ்திரீட், கிடங்குத் தெரு. இந்தப் பெயர்களைப் போட்டாலே வரலாறு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், தனியாக விளக்க வேண்டியதில்லை.

3. பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்

கதாநாயகன் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் கதை நகராது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் வேலை செய்தார்கள். பால் ஊற்றினார்கள், கடிதம் கொண்டுபோனார்கள், கடையில் எடுபிடியாக நின்றார்கள். இப்படி ஒரு வேலை இருந்தால் உங்கள் பிள்ளை எல்லா வாசலிலும் போய் நிற்கலாம், எந்த வாசலில் உள்ளே விடவில்லை என்று வாசகருக்கே தெரிந்துவிடும்.

கிளிங் ஸ்திரீட் கதைக்கு நான் உருவாக்கிய பையன் செல்லப்பா. வயது 10. கிட்டங்கியில் கடிதம் கொண்டுபோகும் பொடியன். எழுத்துக் கூட்டிப் படிப்பான், ஆங்கிலத்தில் அரைகுறை. அரைகுறையாகத் தெரிவது ரொம்ப முக்கியம். முழுசாகத் தெரிந்தவனுக்குக் கோபம் வரும், ஒன்றுமே தெரியாதவனுக்கு எதுவும் உறைக்காது. அரைகுறைக்குத்தான் சந்தேகம் வரும்.

இன்னொரு எச்சரிக்கை. 2020களின் மேடைப் பேச்சை 1920களின் பையன் வாயில் திணிக்காதீர்கள். செல்லப்பாவுக்குச் 'சமத்துவம்' என்ற சொல் தெரியாது. தன் தெருவில் மணியே இல்லை என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

4. சொன்னதை அப்படியே செய்ய வையுங்கள்

நம் ஊரில் இது பழைய தந்திரம். தெனாலிராமன் கதைகளில் பாதி இப்படித்தான். அரசர் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் செய்வான், அரசர் தலையில் கைவைத்துக்கொள்வார். அதிகாரத்தை எதிர்க்க முடியாதவனுக்குக் கீழ்ப்படிவதும் ஒரு வழிதான். என் கதையிலிருந்து ஒரு துண்டு (கிராணி என்றால் அலுவலகக் குமாஸ்தா):

"எந்தத் தெருடா?" என்றார் கிராணி, தலை நிமிராமல்.

"மணிச் சத்தத் தெருங்க."

"அப்படி ஒரு தெரு கிடையாது."

"இருக்குங்க. நீங்கதான் போர்டு வச்சிருக்கீங்க. கிளிங், கிளிங்."

கிராணியின் பேனா நின்றது.

"எங்க தெருவுல ஒரு சைக்கிள்கூட இல்லீங்க. கோயில் மணியும் இல்ல. மணி தொலைஞ்சிருந்தா பெரியவங்க தேடுவாங்க. அதான் எழுதிக் கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அது மணி இல்லடா."

"பின்ன என்னங்க?"

கிராணி பக்கத்து மேசையைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

பையன் யாரையும் திட்டவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டிய சுமை பலகை நட்ட அலுவலகத்தின் மேல் ஏறிவிட்டது. இந்த இடமாற்றம் நடக்கிறதா என்று ஒவ்வொரு நகைச்சுவைக் காட்சியிலும் பாருங்கள். அடிபட்டவன்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றால் காட்சியைத் திருப்பி எழுதுங்கள்.

அந்தக் கிராணி யார் என்பதிலும் ஒரு நுணுக்கம். அன்றைய அரசாங்க அலுவலகங்களில் கிராணிகளாக யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். பையன் பேசுவது அவருக்கு நன்றாகப் புரியும். வெளியே வீதியில் போனால் அந்தச் சொல் அவர் மேலும் விழும், உள்ளே உட்கார்ந்து அதைப் பதிவேட்டில் எழுதுகிறவரும் அவர்தான். முதலில் நான் அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரியை வைத்திருந்தேன். கிராணியை உட்கார வைத்த பிறகுதான் காட்சிக்கு உயிர் வந்தது.

5. தொட்டுப் பார்க்க ஒரு பொருள்

அநீதி என்பது பெரிய சொல். பிள்ளைகளுக்குக் கையில் பிடிக்கும்படி ஏதாவது வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது முட்டை.

இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் 1825 முதல் சிங்கப்பூருக்கு வந்தார்கள். சாலைகள் போட்டதும், அரசாங்கக் கட்டடங்கள் பலவற்றை எழுப்பியதும் அவர்கள்தான். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கைவேலை. அதன் சுவர்ப் பூச்சுக்கு மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பெயர். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, கரும்புச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, காய்ந்ததும் வழவழப்பாகக் கல்லால் தேய்ப்பார்கள். நம் ஊர்க் கொத்தனார்களின் பழைய வித்தை.

நூலகத்தில் இதைச் சொன்னபோது ஒரு பையன் கையைத் தூக்கினான். "அங்கிள், மஞ்சக்கருவை யார் சாப்பிட்டாங்க?"

அவ்வளவு பெரிய கட்டடம். எத்தனை கூடை முட்டை வந்திருக்கும்! வெள்ளைக்கரு சுவருக்குப் போகிறது, மஞ்சள்கருவை எண்ண ஒரு மேற்பார்வையாளர். சங்கிலி போட்ட சமையல்காரர் ஒருவர் அவர் கண் எதிரிலேயே அதை மாயமாக்குகிறார். இப்படி எழுதிக்கொண்டே போகலாம். மேற்பார்வையாளர் யார் தெரியுமா? சிங்கப்பூர்ச் சிறையில் கைதிகளில் நன்னடத்தை உள்ளவர்களையே காவலர்களாக வைத்தார்கள். கைதிக்குக் கைதியே காவல், அவருக்கும் பசிக்கும். இது கற்பனையில் பிடித்ததில்லை, ஏடுகளில் இருப்பது.

அந்தத் தேவாலயம் இன்றும் சிட்டி ஹால் எம்ஆர்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. கதை படித்த பிள்ளை அங்கே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். இந்த வசதி எந்த ஊர் எழுத்தாளருக்கும் சுலபமாகக் கிடைப்பதில்லை.

6. சிரிப்பு நிற்க வேண்டிய இடம்

என் மோசமான தோல்வி இது. ஜப்பானியர் காலத்துக் கதை ஒன்று எழுதினேன். 1942இல் அவர்கள் வந்ததும் சிங்கப்பூரின் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள், அதாவது ஒன்றரை மணி நேரம் முன்னால். தாத்தாவுக்கு இது பிடிபடவே இல்லை. காலைப் பலகாரத்தை இருட்டில் சாப்பிடுகிறார், சேவல் தாமதமாகக் கூவுகிறது என்று அதைத் திட்டுகிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த பத்தியில் தலைகுனிந்து வணங்காததற்காக ஒரு சிப்பாய் தாத்தாவை அறைகிறான். அதற்கும் சிரித்தார்கள்.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. மூன்று பக்கம் நான்தான் அவர்களை ஓட வைத்தேன். திடீரென்று நில் என்றால் எப்படி நிற்பார்கள்? திருத்தி எழுதும்போது அறை விழுவதற்கு முன் ஒரு பக்கம் சும்மா விட்டேன். தாத்தா மரவள்ளிக்கிழங்கை மூன்றாக வெட்டுகிறார், ஒரு துண்டு பேத்திக்குப் பெரிதாகப் போகிறது. நகைச்சுவை எதுவும் கிடையாது. அடுத்த தடவை படித்தபோது அந்த இடத்தில் சத்தமே இல்லை.

சில விஷயங்களில் நான் சிரிப்பைக் கிட்டவே விடுவதில்லை. 1915 கலகத்துக்குப் பிறகு ஊட்ரம் சிறைக்கு வெளியே கூட்டத்தின் முன் சுட்டுக் கொல்லப்பட்ட 47 பேர், கைதிகளின் நெற்றியில் பச்சை குத்திய குற்றம், 1942இல் இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாத சீனர்கள், ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள். இவற்றைக் கதையில் கொண்டுவரலாம், பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. இரண்டு வரியில், நேராக, உவமை எதுவும் போடாமல் எழுதுங்கள்.

வசைச்சொல் விஷயத்திலும் ஒரு கட்டுப்பாடு. பலகையில் இருக்கலாம், ஒருவர் வாயிலிருந்து வரலாம். கதை சொல்லும் குரல் அதை ஒருபோதும் சொல்லக் கூடாது. பிள்ளைகள் புதுச் சொல்லை மறுநாளே பள்ளிக்கு எடுத்துப் போவார்கள், அங்கே அந்தச் சொல்லின் மலாய் வடிவத்தை ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்ட பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்.

7. நம் வீட்டுக் குப்பை

இந்தப் படியை யாரும் விரும்பமாட்டார்கள். நம்மை மட்டும் பாவமாகக் காட்டினால் கதை பொய்யாகிவிடும். கப்பலில் வந்தபோது நம்மவர்கள் சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். 1929இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பேச வேண்டியிருந்தது, 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்ற வேண்டியிருந்தது. காரணம் இல்லாமலா?

செல்லப்பா கதையில் முதலாளி, "தெருப் பெயரை மாற்றியே ஆகணும், மானம் போகுது" என்று கத்துகிறார். அதே மூச்சில் பக்கத்து வண்ணான் மகனை அவன் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். செல்லப்பா இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறான். ஒரு விளக்கமும் எழுதவில்லை. பிள்ளைகள் யாரும் தவறவிட்டதில்லை.

சீனர், மலாய்க்காரர் பேசும் தமிழைக் கொச்சையாக்கிச் சிரிக்க வைப்பதும் இதே குப்பைதான். எனக்கும் கை அரிக்கும், சுலபமாகச் சிரிப்பு வரும் என்பதால். வேண்டாம். சீன டௌக்கேயை, அதாவது முதலாளியை, நம்மாளை விடப் புத்திசாலியாக வையுங்கள், அதிலும் வேடிக்கை வரும்.

8. மொழி

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் வகுப்பறை மொழி. நீண்ட வாக்கியத்தில் நகைச்சுவை செத்துவிடும், வினைமுற்று வருவதற்குள் சிரிப்பு ஆறிப்போகும். கதைப் பகுதி எளிய எழுத்துத் தமிழ், உரையாடல் பேச்சுத் தமிழ் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. கம்பம், துவான், தொங்காங், வெள்ளி, காசு போன்ற சொற்களுக்குக் கீழே குறிப்பு போடாதீர்கள், பாதி அவர்களுக்கே தெரியும், மீதியைப் பாட்டியிடம் கேட்கட்டும்.

நீளம் 3,000 சொல்லுக்குள். படம் வரைபவருக்கு அந்த வருடத்துப் புகைப்படத்தைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் சினிமாத் தலைப்பாகை கட்டிவிடுவார். கடைசியில் அரைப் பக்கம், எது நடந்தது, எது நான் கட்டியது என்று எழுதுங்கள். நல்ல வெள்ளைக்காரர் ஒருவர் கடைசி நிமிடத்தில் வந்து எல்லாவற்றையும் சரிசெய்தால் அவரைக் கப்பலேற்றி அனுப்பிவிடுங்கள்.

9. வாசித்துப் பாருங்கள்

நான்கு பிள்ளைகள் போதும். வாய்விட்டு வாசியுங்கள், சிரித்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, கேள்வி வந்த இடத்தில் ஒரு வட்டம். பெரியவர்கள் மட்டும் சிரித்த வரிகளை அடித்துவிடுங்கள். புள்ளி நிறைய இருந்து வட்டமே இல்லையென்றால் படி 1க்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

செல்லப்பா கதையை அக்கா மகளிடம்தான் முதலில் வாசித்தேன். புதுப் பலகை நட்டதோடு முடித்திருந்தேன், கொஞ்சம் பெருமையாகவே. அவள் கேட்டாள்: "பழைய போர்டை என்ன பண்ணாங்க?"

வட்டம் போட்டேன். ஒரு வாரம் யோசித்துக் கடைசி அத்தியாயத்தை எழுதினேன். செல்லப்பா அதை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுகிறான். பாட்டி அதில் வடகம் காயவைக்கிறாள். எழுத்துப் பக்கம் கீழே.